படத்தில் முதுகு காட்டி நின்றவர்

மோர்ஸ்பி
ஜூன் 6, இரவு

நோலின்,

கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே. உன் அம்மாவுக்கு, சின்னம்மாவுக்குக்கூட வாசித்துக் காட்டாதே. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. என் கையெழுத்தைப் பார்த்தால் நம் வகுப்பில் யாரும் இது ரெல்வியுடையது என்று சொல்லிவிடுவார்கள். அவர்களில் பாதிப் பேர் இந்தப் போலீஸ் குடியிருப்பில்தான் இருக்கிறார்கள்.

கொசுவலைக்குள் உட்கார்ந்து டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்து அறையில் மாமா குறட்டை விடுகிறார். குறட்டை நிற்கும்போதெல்லாம் என் பேனாவும் நிற்கிறது.

உங்கள் கரிமுய் மலையில் போன் கோபுரத்தின் ஜெனரேட்டரை நிலத்துக்காரர்கள் வாடகை கேட்டுப் பூட்டிவிட்டார்களாம், விமானக் கொட்டகையில் மூட்டை தூக்கும் உன் அண்ணன் யூவாய் சொன்னார். ஒருவகையில் நல்லதுதான். போனில் பேசினால் என் குரல் நடுங்குவதைக் கேட்டு நீ சிரிப்பாய். இதை அவரிடம் கொடுக்கிறேன், உப்பு மூட்டையோடு உன்னிடம் வந்து சேரும்.

நீ ஊருக்குப் போகும் முன் பள்ளி வாசலில் சூயிங்கம் தாளில் சுற்றி என் கையில் அந்த மெமரி கார்டைத் திணித்தாயே, "வெச்சுக்க, பாக்காத" என்றாயே. பார்த்துவிட்டேன். அத்தையின் பழைய போனில் போட்டு, குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு. முதல் தடவை சத்தமில்லாமல். இரண்டாம் தடவை காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு.

நீ எடுத்த படம். பஸ் நிறுத்தத்துச் சந்தை. நகரத்தில் பாக்கு விற்கத் தடை, அதற்காக வந்த போலீஸ் வண்டி ஏற்கெனவே நிற்கிறது. விற்கிறவர்கள் எல்லோரும் ஓடுகிறார்கள். சின்னம்மா மட்டும் ஓடவில்லை, பாக்குப் பேசினைத் துணி போட்டு மூடிக்கொண்டிருக்கிறாள். சார்ஜென்ட் ஹெபோய் பேசினை உதைக்கிறார். பச்சைப் பாக்கு தார் ரோட்டில் நாலாபக்கமும் உருள்கிறது. சின்னம்மா குனிந்து பொறுக்குகிறாள். அவர் துப்பாக்கிக் கட்டையை அவள் கைமேல் இறக்குகிறார். அங்கே நான் கண்ணை மூடிக்கொண்டேன் நோலின். நீ மூடவில்லை. படம் ஆடக்கூட இல்லை.

பிறகு அவர் உன்னைப் பார்க்கிறார். "ஏய், போனக் கீழ எறக்கு! யாரக் கேட்டுப் படம் எடுக்கற?" உன் குரல் கேட்கிறது, ஏதோ பஸ் எப்போது வரும் என்று கேட்கிற மாதிரி. "ரோட்டுல நடக்குது, ரோட்டுல நின்னு எடுக்கறேன் அண்ணே. எடுக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டம்? நம்பர் சொல்லுங்க, எழுதிக்கறேன்." பின்னால் யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள்.

அது எங்கள் மாமா சொன்னது! ஏதோ போலீஸ் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு வந்து, ஈஸ்டர் சாப்பாட்டின்போது நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாரே, "நாம செய்யறது என்ன ஒளிஞ்சு செய்யற வேலையா? எவன் வேணா எடுக்கட்டும். கேமராவுக்குப் பயப்படறவன் போலீஸே இல்ல. யாராச்சும் தடுத்தா எந்தச் சட்டம்னு நம்பர் கேளு." நீ அப்போது டின் மீனில் தலையை விட்டுக்கொண்டிருந்தாய். மீனைத் தவிர எதையும் நீ கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

இப்போது நான் சொல்லப் பயப்படுவதைச் சொல்கிறேன். மாமாவும் படத்தில் இருக்கிறார். அன்றைக்கு விமான நிலையத்தில் வேலை என்றுதான் வீட்டில் சொன்னார். வண்டிக் கதவருகே நிற்கிறார். எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கிறார். கடைசியில் நேராக உன்னை, அதாவது என்னை, பார்க்கிறார். பிறகு திரும்பிக்கொள்கிறார். அந்த முதுகை எனக்குத் தெரியாதா? ஆற்றில் வெள்ளம் வந்தபோது அதன்மேல் தொங்கிக்கொண்டுதான் அக்கரை போனேன். அதற்குப் பிறகு ஹெபோயின் உள்ளங்கை திரையை மூடுகிறது. அவ்வளவுதான் படம்.

போன ஞாயிறு ஹெபோய் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். "போன மிதிச்சு நொறுக்கியாச்சு. உள்ள ஒரு கார்டு இருந்திருக்கும்கறானுங்க, அதான் கெடைக்கல," என்று மாமாவிடம் சொன்னார். அப்போது நான் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். கார்டு என் ஷூவுக்குள் இருந்தது. "சோறு நல்லா பொலபொலன்னு இருக்கு பாப்பா," என்றார்.

உன்னைப் போல நிற்க எனக்கு எப்போதும் வராது. நான் என்ன செய்யட்டும், சொல்.

ரெல்வி

*

கரிமுய்
ஜூன் 15

அன்புள்ள பயந்தாங்கொள்ளிக்கு,

கடிதத்தை எரித்துவிட்டேன். டின் மீன் பற்றிய பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டேன், கிழங்கு தின்று அலுக்கும்போது படித்துக்கொள்ளலாம் என்று.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். என் கை ஆடாததற்குக் காரணம் முழங்கையை விலாவோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தேன். கால் ஆடியது, அது படத்தில் வராது. ஓடினால் அம்மாவை விட்டுவிட்டு ஓட வேண்டும். நின்றால் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கையில் போன் இருந்தது, தூக்கினேன். இதில் நீ சாமி கும்பிட ஒன்றும் இல்லை.

அம்மாவின் கைக்கட்டை இங்கே மருத்துவ உதவியாளர் பிரித்துவிட்டார். எலும்பு கூடிவிட்டது. விரல்கள் மடங்கவில்லை. வலது கை. கிழங்கு தோண்டும் குச்சியைப் பிடித்துப் பார்க்கிறாள், நழுவுகிறது. நூல்பை பின்ன உட்கார்ந்தாள், ஊசி நிற்கவில்லை. நேற்று ராத்திரி என்னைக் கேட்டாள், "உருண்டு போன பாக்க எல்லாம் யாராச்சும் பொறுக்கிருப்பாங்க இல்ல? நல்ல சரக்கு. வீணாப் போயிருக்கக் கூடாது."

இனி கோபமாக எழுதப் போகிறேன், தயாராக இரு.

நொறுங்கிய போனுக்குள்ளிருந்து உருவிய கார்டை ஏன் உன்னிடம் கொடுத்தேன்? போலீஸ் எல்லா வீட்டையும் தேடும், போலீஸ் வீட்டைத் தேடாது. அதற்காக அதை நீ ஷூவில் வைத்துச் சீராட்டவா கொடுத்தேன்? மிசிஸ் ரவு என்ன சொன்னார் என்று அன்றே சொன்னேனே. ஆஸ்பத்திரிக்கு வந்து அம்மா கையைப் பார்த்த அந்த வக்கீலம்மா. "இலவச சட்ட உதவி ஆபீஸ்ல இருப்பேன். படம் இருந்தாக் கொண்டா. படம் இல்லன்னா பாக்கு விக்கறவ பேச்ச எந்த மேஜையில வெப்பேன்?" அந்த ஆபீஸ் உன் பள்ளியிலிருந்து ஒரு பஸ். நீ ஏன் இன்னும் போகவில்லை?

உன் மாமாவுக்காகவா? அவர் அடிக்கவில்லை, பார்த்தேன். தடுத்தாரா? அவரும் எங்கள் பள்ளத்தாக்கு ஆள். என் அம்மாவை அக்கா என்று கூப்பிடுகிறவர். முதுகைத் திருப்பியதை நீ பெரிய விஷயமாக எழுதியிருக்கிறாய். எங்களுக்குத் தெரிந்தது வெறும் முதுகுதான்.

நோலின்

*

மோர்ஸ்பி
ஜூன் 24, இரவு

நோலின்,

உன் கடிதத்தை மூன்று நாள் படித்துப் படித்து அழுதேன். அதை எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் கை போனது என் அம்மாவுக்கு இல்லை.

ஆனால் நீயும் கொஞ்சம் கேள். இந்த வீடு மாமாவின் வேலையோடு வந்த வீடு. வேலை போனால் மெத்தையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போக வேண்டும். அத்தை, குழந்தைகள், நான், எல்லோரும். என் பள்ளிப் பணம் அவர் கட்டுவது. கார்டைக் கொடுத்தால் ஹெபோயோடு அவரும் போவார். நான் சாப்பிடுகிற தட்டில் நானே மண்ணைப் போடுவது அது.

போகவில்லை என்று நினைக்காதே. போனேன். அந்த ஆபீஸ் கேட்டருகே நின்றேன். காவலாளி, "என்ன வேணும் பாப்பா?" என்றார். வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "கழிவறை எங்க இருக்கு?" அவர் காட்டினார். போனேன், வந்தேன், பஸ் ஏறினேன்.

இன்னொரு செய்தி. அவசரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இது உனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். மாமா உங்கள் ஊருக்கு வருகிறார். வயிறு குளிர, அதாவது உங்கள் கோபம் தணிந்து சமாதானமாக, பன்றி கொடுக்க. ஹெபோயும் மற்றவர்களும் அனுப்புகிறார்கள். நேற்று வாசலில் நின்று பேசினார்கள், நான் துணி காயப் போடுகிற மாதிரி ஒரே சட்டையை நாலு தடவை உதறிக்கொண்டு கேட்டேன்.

"நல்ல பெரிய பன்னியா வாங்கிடு," என்றார் ஹெபோய். "தின்னு முடிச்சிட்டா பேச்சு முடிஞ்சுது. உங்க மலை வழக்கமே அதானே? அப்புறம் அந்தக் கார்டு எந்தக் குப்பையில கெடந்தா நமக்கென்ன?"

"யாரு தின்னா முடியும்னு தெரியுமா உனக்கு?" என்றார் மாமா.

"யாரு தின்னா என்ன? ஊரே தின்னும்."

"ஊரு தின்னா ஊரு வயிறு குளிரும். அடிபட்டவ ஒரு வாயாச்சும் தின்னாத்தான் பேச்சு முடியும்."

"பசிச்சா தின்னுட்டுப் போறா. நீ போய்ட்டு வா."

ராத்திரி அவர் அறையில் குறட்டை இல்லை.

நோலின், நான் முழங்கால் போட்டு என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொன்னால் என்னை வெறுத்துவிடுவாய். சின்னம்மா சாப்பிட்டுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவள் சாப்பிட்டால் கார்டைக் கடலில் எறிந்துவிட்டு நிம்மதியாகப் பரீட்சை எழுதலாம். உன் இடத்தில் நான் நின்றிருந்தால் சந்தையில் எந்தப் படமும் எடுக்கப்பட்டிருக்காது. இப்போது உனக்கு என்னைப் பற்றித் தெரியும்.

ரெல்வி

*

கரிமுய்
ஜூலை 2

ரெல்வி,

உன் மாமா வந்த விமானத்திலேயே உன் கடிதமும் வந்தது. இதை அவர் திரும்பிப் போகும் விமானத்தில் அனுப்புகிறேன். பயப்படாதே, விமானியிடம் கொடுக்கிறேன், அவர் யூவாயிடம் சேர்ப்பார்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பன்றியைப் பார்த்தவுடனே எங்கள் ஆண்கள் நல்லவர்களாகிவிட்டார்கள். பெரியப்பா முந்தின நாள் வரை போலீஸ்காரன் காலை ஒடிப்பேன் என்று கத்திக்கொண்டிருந்தார். முதுகுக் கொழுப்பின் கனத்தைக் கையால் அளந்து பார்த்ததும் "தம்பிக்கு நல்ல மனசு" என்றார். குழி வெட்டி, கல்லை நெருப்பில் காய வைத்து, வாழை இலை போட்டு வேகவைத்தார்கள். மதியம் வரை பேச்சு. நகரத்தில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் சித்தப்பா பேசினார். அவர் நகரத்தைப் பார்த்ததே இல்லை.

அம்மாவைக் கீரை உருவக்கூட யாரும் கூப்பிடவில்லை, கையால் முடியாதென்று.

வெந்ததும் உன் மாமாவே நல்ல துண்டாக எடுத்து இலையில் வைத்து அம்மா முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, மனசுல உள்ளத எறக்கி வெச்சுட்டு ஒரு வாய் சாப்பிடுங்க."

"குடுக்கறது நீயா, அவனா?"

"எல்லாருக்காகவும் நாந்தான் அக்கா."

"சரி. குடு."

அம்மா வலது கையை நீட்டினாள். விரல் மடங்காத அந்தக் கையை. பெரியப்பா பதறி, "எடது கையில வாங்கேன், யாரு தப்பா நெனைக்கப் போறா?" என்றார்.

"அடிபட்டது இது. ஏத்துக்கணும்னா இதுதான் ஏத்துக்கணும்," என்றாள் அம்மா.

உன் மாமா கறியை அந்தக் கையில் வைத்தார். விரல் பிடிக்கவில்லை. வழுக்கிச் சாம்பலில் விழுந்தது. எங்கள் நாய் கவ்விக்கொண்டு ஓடியது. அவர் இன்னொரு துண்டு எடுத்து வைத்தார். அதுவும் விழுந்தது. கூட்டத்தில் யாரோ, "விடுங்கப்பா, ஹெபோய்க்கும் நாய்க்கும் இனிமே சண்ட இல்ல," என்றார்கள். சிரிக்க ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாவது துண்டை அவர் எடுக்கவில்லை. அம்மாவின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்து உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் தலையைப் பார்த்து, "நான் பிடிவாதம் பிடிக்கல தம்பி. கைதான் பிடிக்க மாட்டேங்குது," என்றாள்.

பெரியப்பாவுக்குக் கோபம். ஊருக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டாளாம். "எல்லாரும் தின்னாச்சு, நீ ஒருத்தி மட்டும்..." என்று ஆரம்பித்தார். "நீங்க தின்னது உங்க வயித்துக்கு, பெரியவரே, நல்லா தின்னுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

என் அம்மா சந்தையில் அடிபட்டதைத்தான் நான் படம் எடுத்தேன். நேற்று நடந்ததை எடுக்க என்னிடம் போன் இல்லையே என்று இருக்கிறது.

போன கடிதத்தில் உன்னைத் திட்டியதை எடுத்துக்கொள்கிறேன். உன் வீட்டுத் தட்டு எனக்கு இங்கிருந்து தெரியவில்லை. நீ வேண்டிக்கொண்டதற்காக வெறுக்கவும் இல்லை, நானும் ஒரு கணம் அவள் தின்றுவிட்டால் நன்றாயிருக்கும் என்றுதான் நினைத்தேன். கார்டை என்ன செய் என்று இனிமேல் கேட்கமாட்டேன்.

அம்மா சாப்பிடவில்லை. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நோலின்

*

மோர்ஸ்பி
ஜூலை 5, இரவு

நோலின்,

கொடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தை யூவாய் அண்ணன் பள்ளிக்கே கொண்டுவந்து கொடுத்தார். கறி விழுந்த இடம் வரை படித்தேன். மீதியைப் பஸ்ஸில் படித்தேன். அந்தக் காவலாளி என்னை மறக்கவில்லை. "இன்னிக்கும் கழிவறையா?" என்றார். "இல்ல, வக்கீலம்மா," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

மிசிஸ் ரவு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். அடி விழும் இடத்தில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். நீ நம்பர் கேட்கும் இடத்தில் நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தப் பொண்ணு எங்க?"

"மலையில. அவங்கம்மாகூட."

"அவ கேட்டது சரியான கேள்வி. அப்படி ஒரு சட்டம் இல்ல, நம்பரும் இல்ல. பொது எடத்துல போலீஸ் செய்யறத ஜனங்க படம் எடுக்கலாம். எத்தனையோ பேருக்கு இதச் சொல்லிக் குடுத்திருக்கேன். துப்பாக்கிக்கு முன்னால நின்னு ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்ல." பிறகு மூன்று பிரதி எடுத்து, ஒன்றை எங்கோ தூரத்துக்கு அனுப்பினார். "இனி இத யாராலயும் மிதிக்க முடியாது," என்றார். நீ அங்கே இருந்திருக்க வேண்டும் நோலின். நான் உன் பெயரை அவருக்கு எழுத்துக் கூட்டிச் சொன்னபோது என் முதுகு தானாக நிமிர்ந்தது.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. "படம் பாதியிலதான் ஆரம்பிக்குது. அந்தம்மாதான் மொதல்ல கல்ல எடுத்தாங்கன்னு சொல்லுவாங்க, வழக்கமா அதத்தான் சொல்லுவாங்க. ஆரம்பத்துலேர்ந்து பாத்தவர் ஒருத்தர் வேணும்." திரையைத் தொட்டுக் காட்டினார். "வண்டிக் கதவுகிட்ட நிக்கறாரே, திரும்பிக்கறாரே, இவரு யாரு?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உன் அம்மா நீட்டிய கையை நினைத்துக்கொண்டேன்.

"எங்க மாமா," என்றேன்.

மிசிஸ் ரவு பேனாவைக் கீழே வைத்தார். "வருவாரா?" என்று கேட்டுவிட்டு அவரே, "வரமாட்டாங்க. இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல," என்றார்.

வேறு யாரோ சொல்லி மாமாவுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். அவர் உங்கள் ஊரிலிருந்து வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பூட்ஸில் உங்கள் ஊர்ச் சேறு அப்படியே இருக்கிறது. இன்று சாப்பாட்டின்போது எழுந்து நின்றுகொண்டு சொன்னேன், உட்கார்ந்து சொல்ல முடியவில்லை.

"மாமா, கார்டு எங்கிட்டதான் இருந்துச்சு. வக்கீல்கிட்ட குடுத்துட்டேன். திரும்பி நிக்கறது யாருன்னு கேட்டாங்க. சொல்லிட்டேன்."

அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி! உனக்கு என்னடி கொற வெச்சோம்? இந்தக் கொழந்தைகளக் கூட்டிக்கிட்டு எங்கடி போவேன்?" அவள் கேட்டது எல்லாம் நியாயம்.

மாமா தட்டைக் கீழே வைத்தார். கை கழுவினார். செருப்புகூடப் போடாமல் வெளியே போனார். ஹெபோயின் வீடு இதே வரிசையில் இருக்கிறது. அந்தப் பக்கம் திரும்பினாரா, இந்தப் பக்கம் திரும்பினாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

புத்தகங்களையும் சீருடையையும் நூல்பையில் போட்டு வைத்துவிட்டேன். காலையில் போகச் சொன்னால் யூவாய் அண்ணன் வீட்டுக்குப் போவேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. நீ சொன்ன மாதிரி முழங்கையை விலாவோடு அழுத்திக்கொண்டு எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து இவ்வளவு நேராக இருக்கிறது. நிஜமாகவே உதவுகிறது.

சின்னம்மாவிடம் சொல்...

வாசல் கதவு திறக்கிறது. மாமாதான், தனியாக. வண்டிச் சத்தம் எதுவும் இல்லை. அத்தையிடம் ஏதோ சொல்கிறார். அவள் "உங்களுக்கும் புத்தி கெட்டுப் போச்சா?" என்று அழுகிறாள். என் அறைக்கு வருகிறார்.

கதவைத் தட்டுகிறார்.

"ரெல்வி. முழிச்சுதான இருக்க? அந்த இஸ்திரிப் பெட்டிய எங்க வெச்ச? யூனிபார்ம் வேணாம், என் வெள்ளச் சட்டைக்கு. காலையில அந்த வக்கீலம்மா எத்தன மணிக்கு...